கைராசி, கால்ராசி

நெடுந்தீவில் நாங்கள் சின்னப் பொடியன்களாகத் திரிந்த காலத்தில், வருத்தம் வந்தால் யாரிடம் போவது என்பதில் ஒருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை. பிள்ளை காரணமில்லாமல் சிணுங்கினால் அது நாவூறு. அதற்கு அடுத்த வளவுப் பெத்தாச்சி. இரவில் திடுக்கிட்டு எழும்பினால் பயந்த கோளாறு. அதற்குக் கோயில் ஐயரின் திருநீறு, வேதக்காரப் பிள்ளையென்றால் அந்தோனியார் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கின் எண்ணெய். தாடை வீங்கினால் கூகைக்கட்டு. அதற்கு அம்மாவின் தங்கச் சங்கிலி, சங்கிலி அடைவில் கிடந்தால் அயலில் ஓர் இரவல். பூரான் கடித்தால் விசகடி வைத்தியர், கை பிசகினால் எண்ணெய் போட்டு உருவுகிறவர், இவர்கள் ஒருவராலும் சரிவராவிட்டால் பரிகாரியார், பரிகாரியாரும் கையை விரித்தால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியும் கையை விரித்தால் கடல். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரி. அங்கே போய் உயிரோடு திரும்பியவரைப் பார்க்க ஊரே வரும். தையல் போட்ட இடத்தைச் சட்டையைத் தூக்கிக் காட்டுவது அவருடைய கடமை.

இந்த வரிசையை எவரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. கடல்தான் அதை வகுத்தது. மாவிலித்துறையில் குமுதினிப் படகில் ஏறினால் குறிகட்டுவானில் இறங்க ஒரு மணித்தியாலம், அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் பட்டினம் போய்ச் சேரும்போது நோயாளிக்குப் பழைய வருத்தத்தோடு புதிதாக இரண்டொன்று சேர்ந்திருக்கும். சோளகக் காற்று மூசி அடிக்கும் நாட்களில் அந்தப் பயணமும் இல்லை. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்து வைத்தியர்களை உருவாக்கினார் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லித்தந்தார்கள். மானிப்பாய் எங்களுக்கு அமெரிக்காவைவிடக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தது, அவ்வளவுதான். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இடிந்து கிடக்கும் பழைய கோட்டை, அதற்குக் கிட்ட முருகைக்கல்லால் கட்டிய புறாக்கூடு. அந்தக் காலத்தில் புறா விட்டுத்தான் கடல் கடந்து சேதி அனுப்பினார்களாம். எங்கள் காலத்தில் புறாவும் இல்லை. ஆகையால் கத்தி தேவைப்படாத வருத்தம் எல்லாவற்றையும் தீவுக்குள்ளேயே, கையாலும் வாயாலும் வேப்பிலையாலும், முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நாவூறு கழிப்பதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். கண்டதோடு நிற்காமல் அதற்கு உட்பட்டும் இருப்பீர்கள். செத்தல் மிளகாய், கல்லுப்பு, கடுகு, முச்சந்தி மண் ஒரு சிட்டிகை. பெத்தாச்சி இவற்றைப் பொத்திய கையோடு எங்கள் தலையிலிருந்து கால்வரை மூன்று தரம் சுற்றி, அந்தக் கைக்குள் மூன்று தரம் துப்பச் சொல்லி, அடுப்பில் போடுவா. மிளகாய் நெடி கிளம்பாவிட்டால் நாவூறு இருந்தது உறுதி. நெடி கிளம்பி வீடே இருமினால் அப்போதும் நாவூறு இருந்ததுதான், ஆனால் இப்போது போய்விட்டது. எந்தப் பக்கத்தாலும் தோற்காத இப்படியொரு பரிசோதனையை நான் பிறகு எந்த ஆய்வுகூடத்திலும் காணவில்லை. அது முடிந்ததும் பெத்தாச்சி எங்களை மடியில் சாய்த்துக்கொள்வா. பனையோலை கிழித்துக் கிழித்து விரல்நுனிகள் காய்த்துப்போன அந்தக் கை நெற்றியில் சற்றே நின்று, பிடரியால் இறங்கி, முதுகைச் சுரண்டுவதா தடவுவதா என்று தெரியாதபடி போய்வரும்போது ஒரு நித்திரை வரும் பாருங்கள், அந்த நித்திரைக்கு இன்றைக்கு மணித்தியாலக் கணக்கில் காசு கேட்கிறார்கள். பரிகாரியார் வேறு ரகம். வேப்பங்கொத்தை ஆட்டி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, முகத்தில் ஊதுவார். பார்வை பார்த்தல் என்று அதற்குப் பெயர். வெற்றிலையும் புகையிலையும் கற்பூரமும் கலந்த அந்த ஊதல் முகத்தில் பட்டதும் கண் கூசும். கூசிய கண்ணைத் திறக்கும்போது காய்ச்சல் ஒரு பாகை இறங்கியிருக்கும் என்று வீட்டில் எல்லாரும் சத்தியம் பண்ணுவார்கள். வெப்பமானி வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை என்பதால் மறுப்பாரும் இல்லை.

இந்தப் பட்டியலில் ஒருவரைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். என்னைத்தான்.

நான் காலால் பிறந்தவன். அதில் எனக்கு எந்தப் பெருமையும் சேரவேண்டியதில்லை. பட்ட பாடெல்லாம் அம்மாவும் மருத்துவிச்சியும். ஆனால் காலால் பிறந்தவன் காலால் உழக்கினால் நாரிப்பிடிப்பு விட்டுப்போகும் என்பது தீவில் கேள்விமுறையில்லாத உண்மை. ஆகவே நடக்கப் பழகிய நாள்தொட்டு நான் ஒரு வைத்தியன். வெள்ளாப்பிலேயே வாசலில் ஆள் வந்து நிற்கும். வள்ளம் இழுத்து நாரி பிடித்த மீன்காரர், கிணற்றில் அள்ளி அள்ளி இடுப்பு மறுத்துப்போன பெண்கள், ஒருமுறை எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார். திண்ணையில் ஓலைப்பாயை விரித்துக் குப்புறப் படுக்கவைத்து, என் இடது குதிக்காலில் நல்லெண்ணெய் தடவி, எங்கள் வீட்டு ஆச்சி என்னைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி நிறுத்துவா. நாரியில் குதியை ஊன்றி, கீழ்நோக்கி மூன்று தரம் வழிக்கவேண்டும். மூன்றாம் தரம் சின்ன உதை ஒன்று. அதுவரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. நானோ உதையில்தான் கலையை எல்லாம் காட்டுவேன். "மெல்ல மோனை, மாடு சூடு மிதிக்கிறமாதிரி மிதியாதை" என்று ஆச்சி மௌனத்தை உடைத்துவிடுவா. உடைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். வாத்தியாருக்கு அன்று இரண்டு தரம் தொடங்கவேண்டி வந்ததில் எனக்கு எந்த மனவருத்தமும் இருந்ததாக நினைவில்லை.

காசு வாங்கினால் கால் பலிக்காது என்பது ஆச்சியின் சட்டம். ஆனால் பனங்கட்டிக் குட்டான் காசல்ல. ஒரு கோர்வை மீன் காசல்ல. ஒரு சிரட்டைத் தயிர், புழுக்கொடியல் கட்டு, கட்டையான தீவுக் குதிரையொன்றின் முதுகில் ஒரே ஒரு சுற்று, இவையும் காசல்ல. அந்தக் குதிரைச் சுற்றுக்காக நான் யாரையும் எத்தனை தரம் வேண்டுமானாலும் உதைக்கத் தயாராக இருந்தேன். தீவின் மேற்கில் இன்னொரு காலால் பிறந்த பொடியன் இருப்பதாகவும், அவனுடைய கால் என்னுடையதைவிடச் சுறுக்காகப் பலிப்பதாகவும் ஒரு கதை உலாவியபோது, அவனுக்குக் கால் குளிர், எனக்குத்தான் சூடு என்று நான் ஒரு கோட்பாடே வகுத்துக்கொண்டேன். செருப்புப் போட்டால் சக்தி அடைபட்டுப்போகும் என்று அம்மாவிடம் வாதாடினேன். செருப்பு வாங்கித்தர வசதி இல்லாத அம்மா இந்த வாதத்தை மனமார ஏற்றுக்கொண்டா. நாரிப்பிடிப்பு பெரும்பாலும் சில நாளில், மிஞ்சினால் சில கிழமையில், தன்பாட்டில் விட்டுப்போகும் வருத்தம் என்று பிற்காலத்தில் அறிந்தேன். என் புகழில் பெரும்பங்கு அந்தச் சில நாட்களுக்குச் சேரவேண்டியது. ஆனால் அந்த நாட்களுக்கு யாரும் பனங்கட்டி கொடுப்பதில்லை.

பிறகு மீசை வந்தது, பட்டினத்துப் படிப்பு வந்தது, விஞ்ஞான பாடத்தில் திறமைச் சித்தி வந்தது. விடுமுறைக்கு ஊருக்கு வந்த நான், திண்ணையில் காத்திருந்த கிழவருக்கு முள்ளந்தண்டெலும்பின் அமைப்பைப் பற்றி விளக்கம் சொன்னேன். கிழவர் முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, இப்ப உழக்குமன்" என்றார். உழக்கினேன்.

1985 மே 15 அன்று குமுதினியில் போனவர்களுக்கு நடந்ததை நான் இங்கே விரிக்கப்போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். நடுக்கடலில் வெட்டுண்டவர்களுக்குப் பெத்தாச்சியின் கையும் உதவாது, என் காலும் உதவாது. அதன்பின் தீவு வெறுமையாகத் தொடங்கியது. வன்னிக்குப் போனவர்கள், கொழும்புக்குப் போனவர்கள், விமானம் ஏறியவர்கள் என்று வளவுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. முருகைக்கல் வேலிகள் மட்டும் காவலுக்கு நின்றன. நானும் கடைசியில் ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் வந்து சேர்ந்தேன். குளிருக்கு இரண்டு சோடி சொக்ஸ் போட்ட நாளோடு என் வைத்தியத் தொழில் முடிவுக்கு வந்தது.

அந்த ஸ்காபுறோவில்தான் என் மச்சாள், அதாவது மாமியின் மகள், ஒருநாள் ரெய்கி மாஸ்டர் ஆகிவிட்டா.

நாவூறு கழிக்கும் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுகிற அதே மச்சாள்தான். வீட்டின் நிலவறையை வாடகைக்கு இருந்தவர்கள் விட்டுப்போக, அங்கே மெல்லிய நீலம் பூசி, மசாஜ் மேசையொன்று போட்டு, வாசனை மெழுகுதிரி ஏற்றி, சனிக்கிழமைகளில் அறிமுக வகுப்பு நடத்துகிறா. சுவரில் சட்டம் போட்ட மூன்று சான்றிதழ்கள். முதலாம் நிலை, இரண்டாம் நிலை, மாஸ்டர். எனக்கு உறவுமுறைக் கழிவு உண்டென்று கேள்விப்பட்டதும் என் மனைவி என்னையும் கூட்டிக்கொண்டு போனா. புல்லாங்குழல் இசை தவழ்ந்தது. நடுநடுவே வாகனக் காப்புறுதி விளம்பரமும் தவழ்ந்தது. மச்சாள் கண்ணை மூடச் சொன்னா. உலகம் முழுக்க ஓர் உயிர்ச்சக்தி பரவிக் கிடக்கிறதாம். மாஸ்டர் தீட்சை தந்தால் அது உச்சந்தலையால் இறங்கி உள்ளங்கையால் வெளியேறுமாம். நோயாளி உடுப்போடு படுத்திருக்க, தலை, கண், காது, தொண்டை, நெஞ்சு, வயிறு என்று ஒரு பன்னிரண்டு இடத்தில் கையை மெல்ல வைத்தோ, படாமல் சற்று மேலே பிடித்தோ, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு நிமிடம் சும்மா இருக்கவேண்டும். அமத்தவும் கூடாது, உருவவும் கூடாது, எண்ணெயும் கிடையாது.

"நீங்கள் வெறும் குழாய்தான் மச்சான். சக்தி உங்கட இல்லை, பிரபஞ்சத்தின்ர" என்றா.

ஆச்சியும் இதைத்தான் சொன்னவ. கடவுள் தந்த கால், உன்ர எண்டு துள்ளாதை என்று.

என்னை மேசையில் கிடத்தி மச்சாள் கையை என் வயிற்றுக்கு மேலே பிடித்தா. "சூடு தெரியுதோ?" தெரிந்தது. மேசைக்கு நேர் கீழே வெப்பக்காற்று வரும் துவாரம் இருந்ததும் தெரிந்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். நாற்பது வயதுக்குப் பிறகு ஒரு மனிதனை எவரும் சும்மா தொடுவதில்லை. முடிவெட்டுகிறவரும் பல்வைத்தியரும் தொடுகிறார்கள், இருவர் கையிலும் ஆயுதம். கோபமோ அவசரமோ இல்லாத ஒரு கை கண்ணுக்கு மேலே வந்து நின்றபோது நான் குறட்டை விட்டேன் என்று மனைவி பிறகு சொன்னா. ஆழ்ந்த அனுபவம் என்று மச்சாள் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டா.

தேத்தண்ணி இடைவேளையில் ரெய்கியின் தலபுராணம். மிக்காவோ உசுயி என்ற யப்பானியர், 1865இல் பிறந்தவர், 1922இல் கியோத்தோவுக்குப் பக்கத்துக் குராமா மலையில் 21 நாள் உபவாசம் இருந்து இந்தச் சக்தியை அடைந்தார். மலையிலிருந்து ஓடி இறங்கும்போது கல்லில் இடறிக் கால்விரல் நகம் பெயர்ந்தது. கையை வைத்துப் பிடித்தார், இரத்தம் நின்றது. இதைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரெய்கியின் முதல் நோயாளி ஒரு கால்! அவரிடம் கற்ற சுஜிரோ ஹயாஷி என்ற முன்னாள் கடற்படை வைத்தியர் தோக்கியோவில் ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார். அங்கே 1935இல் சுகவீனமாக வந்து சேர்ந்தவர் ஹவாயோ டகாட்டா. ஹவாயின் கவாய் தீவில் கரும்புத் தோட்டத் தொழிலாளருக்கு 1900இல் பிறந்தவர். ஆக அவரும் தீவார்தான். யாழ்ப்பாணத்தார் எங்களைத் தீவார் என்று மூக்கைச் சுளித்துச் சொன்ன காலத்தில், இன்னொரு தீவார் உலகத்துக்கே கைவைத்தியம் கொண்டுபோயிருக்கிறா என்ற செய்தி எனக்கு மெத்தச் சந்தோசமாக இருந்தது.

டகாட்டா சொல்லிவந்த கதையில் உசுயி ஒரு கிறிஸ்தவ ஆசிரியர், டொஷிஷா பல்கலைக்கழகத்துக்குத் தலைவர். பின்னால் போய்த் தேடியவர்களுக்கு அங்கே அப்படி ஒரு பதிவும் கிடைக்கவில்லை; அவர் பௌத்தர், அடக்கமானதும் தோக்கியோவில் ஒரு பௌத்த ஆலயத்தில். போர்க்காலத்துக் கசப்பு மாறாத அமெரிக்கரிடம் யப்பானியச் சரக்கை விற்பதற்குக் கொஞ்சம் வேதம் பூசினார் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் பரிகாரியாரும் தன்னுடைய ஏட்டை அந்தக் காலத்து யாழ்ப்பாண மன்னர் பரராசசேகர மகாராசாவே கையால் எழுதியதாகத்தான் சொல்லுவார்.

ஆனால் காசு விஷயத்தில் ஆச்சிக்கும் டகாட்டாவுக்கும் நேர் எதிர்க் கொள்கை. உசுயி முதலில் பிச்சைக்காரர்களுக்கு இனாமாகச் செய்தாராம். சுகமானவர்கள் மறுபடி பிச்சைக்கே திரும்பிப் போனார்களாம். ஆகவே சும்மா கொடுத்தால் மதிக்கமாட்டார்கள் என்று டகாட்டா கதை சொல்லுவார். 1980இல் இறக்கும்வரை அவர் 22 பேரை மாஸ்டர் ஆக்கினார், கட்டணம் ஆளுக்கு 10,000 டொலர். இன்றைக்கு இணையத்தில் சாப்பாட்டுக் காசுக்கும் மாஸ்டர் பட்டம் கிடைக்கிறது என்று மச்சாள் வெறுப்போடு சொன்னா. எனக்கு மேற்குப் பக்கத்துப் பொடியனின் நினைவு வந்தது. ரெய்கிக்கு ஐந்து ஒழுக்க விதிகளும் உண்டு: கோபம் கூடாது, கவலை கூடாது, நன்றி வேண்டும், வேலையை ஒழுங்காகச் செய்யவேண்டும், உயிர்களிடம் அன்பு வேண்டும். எல்லாம் இன்றைக்கு மட்டும். 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று எழுதி வைத்த கடைகளில் வளர்ந்த எனக்கு இந்த ஏற்பாடு உடனே பிடித்துப்போயிற்று.

வகுப்பில் ஒரு வேதக்கார அம்மா, 2009இல் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் ரெய்கியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே என்று கேட்டா. செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு செய்யலாம் என்று மச்சாள் சொன்னா. பிரச்சினை தீர்ந்தது. திருநீறும் அந்தோனியார் எண்ணெயும் ஒரே நெற்றியில் பூசப்பட்ட தீவிலிருந்து வந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா?

நான் கேட்க நினைத்த கேள்வி வேறு. ரெய்கிக்கு ஒன்றுவிட்ட சகோதரமான, படாமல் கைபிடிக்கும் வைத்தியம் ஒன்று அமெரிக்கத் தாதியரிடம் பரவியிருந்தது. அதைச் சோதிக்க எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுப் பெண்பிள்ளை பள்ளிக்கூடச் செயற்திட்டமாக ஒரு வேலை செய்தாள். நடுவில் ஒரு மட்டைத் தடுப்பு. துவாரத்தால் வைத்தியர் இரண்டு கையையும் நீட்டவேண்டும். எந்தக் கைக்கு மேல் பிள்ளையின் கை நிற்கிறதென்று சக்தியை உணர்ந்து சொல்லவேண்டும். 21 பேர், 280 தடவை; சரியாகச் சொன்னது 123. நாணயம் சுண்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் அது வெளிவந்தது. ரெய்கிச் சக்தியையும் இதுவரை எந்தக் கருவியும் அளந்து காட்டவில்லை. ஆனால் 2011இல் வெளிவந்த இன்னொரு ஆய்வும் உண்டு. புற்றுநோய் மருந்து ஏற்ற வந்த 189 பேரில் சிலருக்கு உண்மை ரெய்கி, சிலருக்கு ஒன்றும் கற்காத ஒருவர் கைபிடித்துப் பாவனை செய்த போலி ரெய்கி, சிலருக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். முதல் இரண்டு கூட்டத்துக்கும் மனமும் உடம்பும் ஆறுதலாக இருந்தன. மூன்றாம் கூட்டத்துக்கு அவ்வளவு இல்லை. இதை வைத்து ரெய்கி பொய் என்றும் எழுதலாம், பெத்தாச்சிக்குச் சிலை வைக்கவேண்டும் என்றும் எழுதலாம். நான் இரண்டாவதன் பக்கம். கேள்வியை மட்டும் கேட்கவில்லை. கழிவு விலையில் வந்திருக்கிறவன் எந்த முகத்தோடு கேட்பது?

நான் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் மச்சாளின் மனுசன் படிக்கட்டில் நின்று கண்ணைக் காட்டினார். மேலே போனேன். பனி தள்ளி மூன்று நாளாக நாரி பிடித்துக்கொண்டதாம், நிமிரமுடியவில்லை. "இவ கை வைக்கிறா, சுகமாத்தான் இருக்கு, நித்திரையும் வருது. எழும்பினால் திரும்பவும் பிடிக்குது. நீர் காலால் பிறந்தனீராம் எண்டு மாமி சொன்னவ..." என்று குரலைத் தாழ்த்தினார். கீழே புல்லாங்குழல் கேட்டுக்கொண்டிருக்க, குசினிக் கதவைச் சாத்தி, தரையில் துவாயை விரித்தோம். சொக்ஸ் இரண்டையும் கழற்றினேன். நல்லெண்ணெய் இருக்கவில்லை; ஒலிவ் எண்ணெய். சுவரைப் பிடித்துக்கொண்டு, இந்த வயதில் என் பாரம் முழுவதையும் அவர்மேல் இறக்காமல், மூன்று தரம் வழித்தேன். உதை விஷயத்தில் ஒரு தயக்கம் வந்தது. "அதையும் தாருமன்" என்றார். கொடுத்தேன். மனுசன் எழும்பி, நின்று, மெல்ல நிமிர்ந்து, அலுமாரியைத் திறந்து எனக்கு ஒரு துண்டு பனங்கட்டி தந்தார். கனடாத் தமிழ்க் கடையில் வாங்கியது, குட்டான் இல்லாதது, கல்லாக இறுகியது. ஆனாலும் காசல்ல.

என் தொழிலுக்கு வாரிசு இல்லை என்பது அன்றிரவு வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. நூறு பிரசவத்தில் மூன்றோ நான்கோதான் காலாலோ இருக்கையாலோ வர ஆயத்தமாகும் பிள்ளை. இப்போது ஸ்கானில் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுகிறார்கள். 2000ஆம் ஆண்டு, இதே ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து மருத்துவர் மேரி ஹனா தலைமையில் 26 நாடுகளில் 2,088 தாய்மாரிடம் நடந்த பெரிய ஆய்வொன்று லான்செட் சஞ்சிகையில் வெளிவந்தது: இப்படி வரும் பிள்ளைகளைத் திட்டமிட்டுச் சீசர் செய்து எடுப்பதே பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று. முழுக் காலால் வருவதை அதற்கு முன்பே பெரும்பாலும் கத்திக்குத்தான் அனுப்பினார்கள். மிச்சமிருந்ததும் அதோடு சரி. அந்த முடிவை அவ்வளவு கண்டிப்பாக எடுக்கவேண்டியதில்லை என்று பின்னர் வாதித்தவர்கள் உண்டு. ஆனாலும் பழைய வழி திரும்பவில்லை. எத்தனையோ பிள்ளைகள் உயிரோடும் சுகத்தோடும் பிறக்கிறார்கள். அம்மா என்னோடு பட்ட பாட்டை எந்தத் தாயும் படவேண்டாம். ஆனால் உலகத்திலுள்ள காலால் பிறந்த வைத்தியர்களின் குலம் அற்றுப்போவதற்கு என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் இருந்த ஒருவர் காரணமாக இருந்தார் என்பதை நினைக்கும்போது, கவாய் தீவாருக்கு வராத ஒரு கவலை இந்தத் தீவாருக்கு வருகிறது.

இப்போது நெடுந்தீவில் இராத்திரி நெஞ்சுவலி வந்தால் கடற்படைப் படகில் ஏற்றிக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்து அம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். வடதாரகை, நெடுந்தாரகை என்று படகுகள் வந்தன, குமுதினியும் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓடியது. சோளகத்தைப் பார்த்துக்கொண்டு செத்துப்போனவர்களை நினைத்தால், பழைய காலத்தைப் பற்றி அதிகம் உருகக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நாவூறு கழிக்கவும் பார்வை பார்க்கவும் ஆள் கிடைப்பது அருமை. அந்த வெற்றிடத்தைத்தான் மச்சாள் கண்டுபிடித்தா.

ரெய்கியில் இரண்டாம் நிலை முடித்தவர்கள் தூரத்தில் இருப்பவருக்கும் சக்தி அனுப்பலாம். அதற்கு யப்பானியக் குறிகள் உண்டு. ஒருகாலம் பரம இரகசியம், இன்று எந்தக் கைபேசியிலும் பார்க்கலாம். நோயாளிக்குப் பதில் அவருடைய படத்தையோ ஒரு கரடிப் பொம்மையையோ முன்னால் வைத்துக்கொள்வார்கள். சிரிக்காதேயுங்கள். எங்கள் விசகடி வைத்தியர் கடியுண்டவனைப் பாராமலே, செய்தி கொண்டு ஓடிவந்த தூதன் எந்தப் பக்கமாக வந்து நின்றான், முதலில் எந்தச் சொல்லைச் சொன்னான், எந்த உறுப்பைத் தொட்டுக்கொண்டு பேசினான் என்று கவனித்தே விஷம் எவ்வளவு ஏறியது, ஆள் பிழைப்பானா என்று சொல்லுவார். தூதனாகப் போன பொடியன்கள் வழிநெடுக, கையை எங்கே வைப்பது என்ற பதற்றத்தில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். கரடிப் பொம்மைக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

மாமி இன்னும் தீவில்தான் இருக்கிறா. ஆடுகளை விட்டுவிட்டு வரமாட்டாவாம். முழங்கால் வருத்தம். குளிர்காலச் சனிக்கிழமைகளில் இங்கே இரவு எட்டரை, அங்கே ஞாயிறு விடிய ஏழு மணிக்கு, மச்சாள் வட்ஸ்அப் வீடியோவில் கரடியோடு உட்காருவா. அங்கே மாமி கைபேசியைச் சிக்னல் கிடைக்கும் கிணற்றடிக் கல்வேலியில் சாத்திவிட்டுக் காலை நீட்டிக்கொண்டிருப்பா. முன்பு பத்து நிமிடத்தில் 'வேலை கிடக்கு அம்மா' என்று வைக்கிற பிள்ளை, இப்போது முழுதாக ஒரு மணித்தியாலம் முன்னால் இருக்கிறாள். ஆனால் கதைக்கக் கூடாது. மாமிக்கு அதுதான் தாங்கமுடியாத வைத்தியம். யார் வீட்டில் கலியாணம், எந்தக் கிணறு உப்பானது, எந்த வெளிநாட்டுக்காரர் வளவை விற்கிறார் என்று வாய் வரைக்கும் வந்ததை எல்லாம் அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, முடிந்த கையோடு எனக்கு அழைப்பா. அதனால் எனக்குச் சனி இரவு நித்திரை போய், ஊர்ப்புதினம் முழுக்க வந்து சேருகிறது.

போன சனி மாமியின் குரலில் ஒரு முறைப்பாடு.

"மோனை, எனக்கு வருத்தம் வலது முழங்காலிலை. இவள் ஒரு மணித்தியாலமாக் கரடியின்ர இடது முழங்காலையெல்லோ பிடிச்சுக்கொண்டிருந்தவள். எதிர்ப்பக்கமா இருந்து பாத்தால் மாறித்தானே தெரியும்? கதைக்கக்கூடாது எண்டதாலை நானும் பேசாமல் இருந்திட்டன்."

மச்சாளிடம் கேட்டேன். அதில் பிழையே வராது, எங்கே தேவையோ அங்கே சக்தி தானாகப் போய்ச் சேரும், இடம் வலம் எல்லாம் அதற்குத் தெரியும் என்றா. அப்படியே மாமிக்குச் சொன்னேன். அங்கே கொஞ்சநேரம் ஆடு கத்துகிற சத்தம்தான் கேட்டது.

"அப்ப ஏன் மோனை, தொடங்கேக்கை எந்தக் கால் எண்டு கேட்டவள்?"